கேமரன் மலையில் முதுமை யாருக்கு?

இங்கிலாந்தில் வேலையை முடித்தவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். ஈஸ்ட்போர்ன், போர்ன்மத் போன்ற தென்கரை ஊர்கள் அப்படித்தான் நரைத்த தலைகளின் ஊர்களாயின. மலாயாவுக்கு வந்து உத்தியோகம் பார்த்த இங்கிலாந்துக்காரர்களுக்குக் கடற்கரை இனிக்கவில்லை. இங்கே கரையோரம் என்றால் புழுக்கம், கொசு, மலேரியா. அதனால் மேலே பார்த்தார்கள். அவர்கள் ஊர்க் கடலோரத்து ஓய்வூரைத் தூக்கிக்கொண்டுபோய் 4,700 அடி உயரத்தில் வைத்தால் எப்படியிருக்கும்? கேமரன் மலையைப் பற்றிக் கண்ட முதல் கனவு அதுதான்.

கனவு கண்டவர்கள் போய்விட்டார்கள். ஊர் இருக்கிறது. தேயிலை இருக்கிறது. அந்தத் தேயிலையை நட்ட, கிள்ளிய தமிழர்களின் மூன்றாம் நான்காம் தலைமுறையும் ஓரளவு இருக்கிறது. இந்த மலையில் கிழவன் கிழவியாக வாழ யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்று பார்த்தால் ஊரின் குணம் மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் பகாங் – பேராக் எல்லை மலைகளை அளந்துகொண்டு வந்தபோது, மலைகளுக்கு நடுவே சரிவு குறைந்த ஒரு பீடபூமியைக் கண்டதாக எழுதிவைத்தார். மறு வருடமே இறந்துபோனார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்த இடத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற உயரதிகாரி நேரில் வந்து பார்த்து, இதை மலைவாச நகரமாக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை போட்டு முடிக்க 1931 ஆயிற்று. கோல்ஃப் மைதானம் வந்தது. வெளிச்சுவரில் கறுப்பு மரச்சட்டம் தெரியும் ஆங்கிலேயப் பாணி வீடுகள் எழுந்தன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்க, சிங்கப்பூரில் டாங்லின் பள்ளியை நடத்திவந்த ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார் 1934இல் இங்கே ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தார். விடுமுறைக்கு வருவது ஒரு பக்கம். வேலைக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடலாம் என்ற நினைப்பும் அந்த வீடுகளுக்குள் இருந்தது.

அது பலிக்கவில்லை. 1941இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம் வந்தது, 1957இல் சுதந்திரம் வந்தது. துரைமார் வீடுகள் விடுமுறை பங்களாக்களாயின. அவற்றுள் ஒன்றான மூன்லைட் பங்களாவிலிருந்துதான் 1967 மார்ச் 26ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் உலாவப் போகிறேன் என்று கிளம்பித் திரும்பி வராமல் போனார். இந்த மலையை வைத்து வெளியுலகம் அதிகம் பேசியது அவரைப் பற்றித்தான். காணாமல் போன ஒரு பணக்காரரைப் பற்றி எத்தனை புத்தகங்கள்! வேலைக்காலம் முடிந்ததும் இந்த மலையிலிருந்து ஓசையில்லாமல் போய்விட்ட தோட்டக் குடும்பங்களைப் பற்றி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

தேயிலை வந்தது 1929இல். ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் போ நிறுவனத்தைத் தொடங்கினார். சிலோனில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், மீதிக்கெல்லாம் மனிதக் கை என்று காட்டை அழித்த கதையை அந்த நிறுவனமே சொல்லிக்கொள்கிறது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். நான்கு வருடம் கழித்து, 1933இல், ஆக்ராவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தேயிலையைத் தொடங்கியது. சாலையோரக் கடைகளில் இன்று கேமரன் வேலி என்ற பெயரில் விற்பது அதுதான். ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ், கம்போங் ராஜா பக்கத்து புளூ வேலி என்று தோட்டங்கள் விரிந்தன. ஒவ்வொன்றிலும் லயம் எனும் வரிசை வீடுகள், கோயில், ஆயாக் கொட்டகை, சிலவற்றில் தமிழ்ப் பள்ளி. ஒரு தமிழ்க் கிராமம் இயங்கத் தேவையானது எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அங்கே இருந்த எந்த வீடும் அங்கே குடியிருந்த எவருக்கும் சொந்தமில்லை.

அப்போது அது யாருக்கும் உறுத்தவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகத்தான் வந்தார்கள் என்பது ஆட்சியாளரின் எண்ணம். வந்தவர்களில் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். 1907இல் ஏற்படுத்திய இந்தியக் குடியேற்ற நிதி ஆட்களைக் கொண்டுவருவதற்கும் உதவியது, உழைத்து ஓய்ந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புவதற்கும் உதவியது. முதுமை என்பது நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பல். 1938இல் இந்திய அரசு கூலித்தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்த பிறகுதான், இருப்பவர்கள் இங்கேயே இருந்துவிடப் போகிறார்கள் என்பது மெல்ல உறைத்தது. ஆனால் தோட்ட வீட்டின் கணக்கு மாறவில்லை. வேலை இருக்கும்வரை வீடு.

இடையில் இன்னொரு வெட்டு விழுந்தது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. மலாயாத் தோட்டங்களில் இருந்த ஏறத்தாழ 60,000 தமிழர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே தங்கியவர்கள் வேறு. எங்கள் பெரியவர்கள் பேச்சில் ‘சிவப்பு ஐசி’ என்பது ஒரு நோயின் பெயர் மாதிரி ஒலிக்கும்.

மக்கள்தொகைக்கு வருவோம். கேமரன் மலை மாவட்டத்தின் பரப்பு 712 சதுர கிலோமீட்டர். 2010 குடிக்கணக்கில் ஏறத்தாழ 38,000 பேர். அவர்களில் சீனர்கள் 13,000 பேர். காய்கறித் தோட்டங்களும் பெரும்பாலான கடைகளும் ஓட்டல்களும் அவர்கள் கையில். மலாய்க்காரர்கள் 7,000 பேருக்குக் கொஞ்சம் மேல். அரசு ஊழியர், சிறு வணிகர். இந்தியர்கள் 7,000 பேருக்குக் கொஞ்சம் கீழே, அநேகமாகத் தமிழர்கள். செமாய் முதலான பூர்வகுடிகளை உள்ளடக்கிய பிற பூமிபுத்திரர் ஐயாயிரத்துச் சொச்சம். குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரும் அதே அளவு. இந்தக் கடைசி எண்ணை நன்றாகப் பாருங்கள். வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் இவர்கள். நம் பாட்டன் பூட்டன் எந்த வயதில் எந்த நிபந்தனையோடு வந்தார்களோ, கிட்டத்தட்ட அதே வயதில், இன்னும் கெட்டியான நிபந்தனையோடு வருகிறார்கள். இவர்கள் இங்கே கிழவராக மாட்டார்கள். பெர்மிட் அதற்கு இடம் தராது.

வாக்காளர் பட்டியல் வேறொரு படத்தைக் காட்டும். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் லிப்பிஸ் மாவட்டத்தின் ஜெலாய் பகுதியும் சேர்ந்திருப்பதால், 2019 இடைத்தேர்தலின்போது வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கு மலாய்க்காரர், சுமார் 30 விழுக்காடு சீனர், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பூர்வகுடி, சுமார் 15 விழுக்காடு இந்தியர். 2004இல் இந்தத் தொகுதி உருவானதிலிருந்து ம.இ.கா.வின் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) இடமாகவே இருந்தது. தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று வரிசை. 2013இல் 462 வாக்கு வித்தியாசம், 2018இல் 597. அந்த 2018 வெற்றியையும் வாக்குக்குப் பணம் கொடுத்த குற்றச்சாட்டில் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ரம்லி முகமது நோர் வென்று, மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி உறுப்பினரானார். நியாயமான மாற்றம் என்றே சொல்வேன். அவர்கள் நமக்கு முந்திய குடிகள். ஆனால் பதினைந்து வருடம் கையிலிருந்த நாற்காலியை வைத்துக்கொண்டு தோட்ட வீட்டுப் பிரச்சினையில் நாம் எதைச் சாதித்தோம் என்று கேட்டால், மேடைப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி ஓய்வுபெற்றோர். ஆங்கிலேயர் கண்ட கனவை வேறொரு கூட்டம் எடுத்துக்கொண்டது: ஜப்பானிய முதியவர்கள். மலேசிய அரசு 1996இல் ‘வெள்ளி முடி’ என்ற பெயரில் ஒரு விசாத் திட்டம் தொடங்கியது. 2002இல் அதை ‘மலேசியா எனது இரண்டாம் வீடு’ என்று மாற்றியமைத்தது. நீண்டநாள் தங்க விரும்பும் நாடு எது என்று ஜப்பானியரிடம் கேட்டு வெளியிடும் பட்டியலில், 2006 முதல் பல ஆண்டுகள் மலேசியாவே முதலிடம். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கோலாலம்பூருக்கும் பினாங்குக் கடலோரத்துக்கும் போனார்கள். இன்னொரு பகுதியினர் கேமரனுக்கு ஏறினார்கள். ஜப்பானில் கோடை கொளுத்தும் மாதங்களில் வந்து, தானா ராத்தா, பிரிஞ்சாங் அடுக்குமாடிகளில் வாடகைக்குத் தங்கி, காலையில் கோல்ஃப், மதியம் காட்டுப்பாதை நடை, மாலையில் சீட்டு அல்லது மாஜோங் என்று இருந்துவிட்டுத் திரும்புவார்கள். துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன மாட்சுமோட்டோ செய்ச்சோ, ஜிம் தாம்சன் மறைந்த சம்பவத்தை வைத்து எழுதிய நாவலும் இந்த மலையின் பெயரை அந்நாட்டில் பரப்பியிருந்தது. போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போன நாட்டின் முதியவர்கள், அரை நூற்றாண்டு கழித்து இங்கே தொப்பியும் கைத்தடியுமாக, எதிரே வரும் எல்லோருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லியபடி நடந்தார்கள். அவர்கள்மேல் கசப்புக் காட்டிய தோட்டக்காரர் எவரையும் நான் பார்த்ததில்லை. கடைக்காரர்களுக்கு அவர்கள் சொக்கத்தங்கம். சொன்ன நேரத்துக்கு வாடகை, பேரம் கிடையாது.

இரண்டாம் வீட்டுத் திட்டத்தின் கதவு பிறகு குறுகியது. 2021இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட் காட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை 10,000 இருந்தாலே போதும். பிறகு அதைத் தளர்த்தித் தட்டுதட்டாகப் பிரித்தார்கள். அதில் கீழ்த்தட்டான வெள்ளி வகைக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். கொரோனாவும் யென் சரிவும் சேர்ந்துகொள்ள, மலையில் ஜப்பானிய நடைக்குழுக்கள் மெலிந்தன. இடத்தை உள்ளூர்ப் பணம் நிரப்பியது. கோலாலம்பூர், ஈப்போ நடுத்தர வர்க்கம் இங்கே அடுக்குமாடி வீடு வாங்கிப் போட்டிருக்கிறது. வார இறுதியில் வரும்; மற்ற நாளில் விடுதியாக வாடகைக்கு விடும். ஒரு மாடியில் பத்து ஜன்னல் இருந்தால் செவ்வாய்க்கிழமை இரவில் இரண்டில் விளக்கு எரியும்.

அந்த 1,50,000 டாலரைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஆறு லட்சம் ரிங்கிட். இதற்கு எதிரே ஒரு கொழுந்துத் தொழிலாளியின் கணக்கை எழுதிப் பார்ப்போம்.

தேயிலைச் சரிவில் இப்போது விரலால் கிள்ளுவது அபூர்வம். பெரிய கத்திரி, அதன் ஒரு பக்கத்தில் வெட்டிய கொழுந்து விழ ஒரு பெட்டி. வெட்டு, ஒரு குலுக்கு, முதுகுக் கூடைக்குள் ஒரு வீச்சு. சரிவு குறைந்த இடமானால் இரண்டு பேர் இருபுறமும் பிடித்து நடக்கும் இயந்திரம். செடி இடுப்பளவு, பனியில் நனைந்த இலை இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் நனைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். நிறுவைக்குப் போகும்போது மூட்டை ஈரத்தோடு கனக்கும். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து லயம் வரை பேச்சு நடக்கும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். முப்பது வருடம் இப்படி நின்றால் முழங்கால் முதலில் போகும், பிறகு முதுகு.

சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று மலேசியாவுக்கு வந்ததே 2013இல்தான். தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். 2022இல் 1,500, 2025இல் 1,700. தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் சேமநிதியில் போடுகிறார்கள். 1,500 ரிங்கிட் சம்பளத்துக்கு இது மாதம் 360. முப்பது வருடமும் 1,500 வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் (யாரும் வாங்கவில்லை) போட்ட பணம் 1,29,600. வட்டி சேரும், உண்மைதான். பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கொரோனாக் காலத்துக்கும் எடுத்தது கழியும், அதுவும் உண்மை. ஓய்வுக்கு அடிப்படைச் சேமிப்பு என்று சேமநிதி வாரியமே 2019இல் வைத்த அளவுகோல் 2,40,000 ரிங்கிட். மாதம் ஆயிரம் வீதம் இருபது வருடத்துக்கு. அதற்கும் இவர்கள் எட்டவில்லை. அந்த ஆயிரத்துக்குள் வீட்டு வாடகையும் அடங்க வேண்டும். ஏனென்றால் அறுபது வயதில் வேலை போகும்போது வீடும் போகிறது.

பணக்கணக்குப் போட்டால் வெள்ளி வகை விருந்தாளி ஒருவர் வைப்புத்தொகையாகக் கட்டுவது, ஒரு கொழுந்துத் தொழிலாளி வாழ்நாள் முழுக்கச் சேமநிதியில் சேர்ப்பதைப்போல நாலைந்து மடங்கு. இருவரும் ஒரே சரிவை ஒரே மூடுபனியில் பார்க்கிறார்கள்.

வீடு போவது சிலர் நினைப்பதுபோல போலீஸ், பூட்டு, தெருவில் சாமான் என்று நடப்பதில்லை. அதனால்தான் செய்தியாவதுமில்லை. கணவனுக்கு வயதாகிவிட்டால் மனைவி பெயரில் வீடு தொடரும். மனைவியும் ஓய்ந்தால் மகனோ மருமகளோ தோட்டத்தில் பெயர் கொடுத்தால் தொடரும். பிள்ளைகள் படித்து சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். படிக்கவைத்ததற்குக் கிடைக்கும் பலன் வீட்டை இழப்பது! பிறகு ஈப்போவிலோ தாப்பாவிலோ ஏதோ ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடி. வாசலில் கோலம் போட்டு, பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, குளிருக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து பழகிய அம்மாவுக்கு, 33 டிகிரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே மகன் வரும்வரை தொலைக்காட்சி. பண்டிகைக்குப் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கு வருவார்கள். வந்து பழைய வரிசையைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதற்கு மறுபக்கம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் வீடு, தண்ணீர், மருந்தகம், குழந்தைக் காப்பகம் எல்லாம் தருகின்றன. ரப்பரும் செம்பனையும் இருந்த சமவெளித் தோட்டங்கள் நகரமாகிக் குடும்பங்கள் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டபோது, தேயிலைத் தோட்டம் தன் மக்களை அதைவிட நீண்டகாலம் வைத்திருந்தது. முதியவர்களுக்கு மலை உகந்த இடமா என்பதும் கேள்விதான். தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இதயமோ மூளையோ என்றால் ஈப்போவுக்குத்தான் இறங்க வேண்டும். சனி ஞாயிறுகளில் பிரிஞ்சாங் சாலையில் ஸ்ட்ராபெரி வாங்க நிற்கும் கார் வரிசையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியரும் யோசித்தார்கள், நம்மவர்களும் யோசிக்கிறார்கள். குளிர் மூட்டுக்கு ஆகாது என்று தாங்களாகவே இறங்கிய முதியவர்களும் உண்டு. போக விரும்பியவர் போவது ஒரு விதம். இருக்க விரும்பியவர் போவதைத்தான் நான் பேசுகிறேன்.

மற்றவர்களுக்கு மட்டும் நிலம் உறுதியா என்றால், அதுவும் இல்லை. சீன விவசாயிகளில் பலர் தலைமுறையாக உழுதது தற்காலிக உரிமத்தில். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு காகிதம். பூர்வகுடிகளின் ஊர்நிலம் பல இடங்களில் இன்னும் முறையாக அரசிதழில் ஏறவில்லை. மொத்த மலையும் காகிதத்தில் குடியிருக்கிறது. அவற்றுள் மிக மெலிந்த காகிதம் தோட்டத் தொழிலாளியுடையது. அதில் அவர் பெயர்கூட இல்லை, வேலை எண்தான்.

இது கேமரனுக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். போ நிறுவனம் தொடங்கிய அதே 1929இல்தான் நெல்லைச் சீமையில் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலை மலையைப் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகை முடிய நான்கு வருடம் இருக்கையில், 2024இல், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள் என்று தொழிலாளரிடம் சொன்னார்கள். நாலு தலைமுறை பிறந்த மலை அவர்களுக்கு ‘சொந்த ஊர்’ ஆகவில்லை. நீலகிரியில் சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசே 1968இல் தொடங்கிய டான்டீ தோட்டங்களிலும், ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலி செய்யும் பிரச்சினை வருடக்கணக்கில் ஓடுகிறது. இலங்கை மலையகத்தில் சம்பளமும் லயமும் கேமரனைவிட மோசம். ஆனால் அங்கே ஒரு விஷயத்தில் முந்திவிட்டார்கள்: லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு, அதற்கு உறுதிப்பத்திரம் என்று கேட்டு, 2015க்குப் பிறகு கொஞ்சமாவது கட்டத் தொடங்கினார்கள். கட்டியது தேவையில் ஒரு துளி. ஆனால் கேட்டது பத்திரம். நாம் இன்றுவரை சம்பளத்தைக் கேட்டிருக்கிறோம், போனஸைக் கேட்டிருக்கிறோம், கோயிலுக்கும் பள்ளிக்கும் மானியம் கேட்டிருக்கிறோம்.

கேட்க வேண்டியது பெரிய தொகை அல்ல. தேயிலை நிலங்களின் குத்தகை புதுப்பிக்க வரும்போது, ஒவ்வொரு தோட்டத்திலும் சில ஏக்கரை ஒதுக்கி, இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே சிறு வீடு என்று ஒரு நிபந்தனை. 1,200 ஹெக்டேர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் அது தாங்காத சுமையில்லை. சுற்றுலாவுக்கு மலையைச் செதுக்கி அடுக்குமாடி கட்ட அனுமதி கொடுக்கும் அரசுக்கு அது முடியாத காரியமுமில்லை. கோலாலம்பூர் அமைச்சர்களிடம் மனு கொடுத்துப் பயனில்லை. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். கையெழுத்து பகாங் தலைநகர் குவாந்தானில் விழ வேண்டும்.